மாமியின் நினைவு மலர் பற்றி

காரைதீவு
பங்குனி மாதம்

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. உன் அம்மாவின், அதாவது என் மாமியின், முதல் வருட ஆட்டைத் திவசத்துக்கு நினைவு மலர்ப் புத்தகம் போட வேண்டும், எங்கே தொடங்குவது, என்னென்ன தேவை என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால் எழுதுகிறேன், பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலையைப் பார்.

இங்கே வயல் வெட்டு முடிந்துவிட்டது. கடைசி நேரத்து மழையால் நெல்லில் ஈரம் கூட, விலையும் சரியில்லை. மற்றப்படி வீட்டில் எல்லோரும் சுகம்.

மாமி போன முப்பத்தோராம் நாளுக்கு அவசரப்பட்டுப் போடாமல் விட்டதில் எனக்குச் சந்தோசம். எட்டாம் நாள் எட்டுச் செலவு, வந்து போகிற சனம், சமையல், கோயில் என்று அந்த மாதத்தில் பாதி நாள் போய்விடும். அச்சகத்துக்குப் பத்து நாளாவது வேண்டும். மிஞ்சுகிற ஒரு கிழமையில் என்ன செய்வார்கள்? பக்கத்து வீட்டில் கிடக்கிற பழைய மலரை எடுத்து, பெயரையும் படத்தையும் மாற்றி, ‘அன்பின் சிகரம், பண்பின் உறைவிடம், விருந்தோம்பலில் சிறந்தவர்’ என்று அடித்துக் கொடுப்பார்கள். ஐந்து மலரை அடுக்கி அட்டையைக் கிழித்துவிட்டால் எது யாருடையது என்று பெற்ற பிள்ளைகளாலேயே சொல்ல ஏலாது. மாமிக்கு அப்படி ஒன்று வரக்கூடாது.

ஆகவே முதல் வேலை, மாமியின் குணத்தை எழுதுவதை நிறுத்திவிட்டுச் செய்கையை எழுதுவது. ‘விருந்தோம்பலில் சிறந்தவர்’ என்று எழுத வேண்டிய இடத்தில், கண்ணகை அம்மன் சடங்குக் காலத்தில் அந்த வீட்டில் எத்தனை பேருக்கு உலை வைத்தார், எந்தக் கிடாரத்தில், விறகு எங்கிருந்து வந்தது, கடைசிப் பந்தியில் யாருடன் இருந்து சாப்பிட்டார் என்று நாலு வரி எழுது. வாசிக்கிற பேரப்பிள்ளைக்கு அந்த நாலு வரியில் ஆள் தெரியும். குணச்சொல் எழுத வருகிற ஒவ்வொரு இடத்திலும் ‘இதை எப்படித் தெரிந்துகொண்டோம்?’ என்று கேள். அதற்கு வருகிற பதில்தான் எழுத வேண்டியது.

வாழ்க்கை வரலாற்றைப் பிறப்பு, பள்ளிக்கூடம், கல்யாணம், பிள்ளைகள் என்ற வரிசையில் எழுதுவதை விட, நம்ம பக்கத்துப் பொம்பிளைக்கு வீட்டை வைத்து எழுதுவது பொருந்தும். வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகப் போகிற ஊர் இது. மாப்பிள்ளைதான் வந்து குடியேறுகிறவர். மாமி எந்த வீட்டில் பிறந்தார், மூத்தவவுக்கு அந்த வீட்டைக் கொடுத்துவிட்டு அம்மம்மா எங்கே மாறி இருந்தார், மாமிக்கு எந்த வளவு வந்தது, அதில் முதலில் இருந்தது களிமண் சுவரும் ஓலைக்கூரையுமா, 1978 கார்த்திகைச் சூறாவளியில் எது மிஞ்சியது, ஓடு எப்போது போட்டது, கிணறு யார் வெட்டியது, 2004 சுனாமிக்குப் பிறகு என்ன ஆனது. இவற்றை வரிசைப்படுத்தினாலே எண்பது வருட வாழ்க்கை எழுந்து நிற்கும்.

இதற்கு நல்ல ஆதாரம் காணி உறுதி, அதாவது காணிப் பத்திரம். அலுமாரியில் இருக்கிற சீதன உறுதியையோ நன்கொடை உறுதியையோ எடுத்து ஆறுதலாக வாசி. கொடுத்தவர், பெற்றவர் பெயருடன் முன்னைய உறுதியின் இலக்கமும் திகதியும் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் மாமியின் தாய், தாயின் தாய் வரை முழுப்பெயரோடு வந்துவிடலாம். நாலு எல்லையிலும் யாருடைய காணி என்று எழுதியிருப்பதிலிருந்து அயலவர் யார் என்றும் தெரியவரும். பல குடும்பங்களில் பூட்டியின் பெயர் எழுத்தில் இருக்கிற ஒரே இடம் இந்த எல்லை விவரம்தான். உறுதி இலக்கம், பரப்பளவு ஒன்றையும் மலரில் போடாதே. பெயரையும் வருடத்தையும் மட்டும் எடு.

பிறந்த திகதியில் கவனம். மாமியின் வயதுக்காரருக்கு வீட்டில் சொல்லும் திகதி ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று என்று இருப்பது வழமை. பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு எண் பிறந்த வருடம், அடுத்த மூன்று எண் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 38612 என்று தொடங்கினால் 1938இல் 112ஆம் நாள். பெப்ரவரியை எந்த வருடமும் 29 நாளாகத்தான் கணக்கெடுக்கிறார்கள். அப்படி எண்ணினால் ஏப்ரல் 21 வரும். 28 நாளாக எண்ணினால் ஒரு நாள் பிசகும். ஆனால் அட்டையில் இருப்பதும் முடிந்த முடிவல்ல. பிறப்புப் பதிவு கிடைக்காமல் உத்தேச வயதுச் சான்றிதழை வைத்து அட்டை எடுத்தவர்கள் நிறைய. பிறப்புச் சான்றிதழ் பிரதி எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போனால், ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்: அம்பாறை மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்திய பதிவில் தம்பிலுவிலும் திருக்கோயிலும் மட்டக்களப்பு மாவட்டம் என்றே இருக்கும். அதைப் பார்த்து ‘இது வேறு ஆளுடையது’ என்று தள்ளிவிடாதே. மலரிலும் அந்தக் காலத்துப் பெயரையே எழுது.

திகதியே கிடைக்காத நிகழ்வுகளுக்கு ஊர் மறக்காத வருடங்களைக் கேட்டுப் பார். 1957 வெள்ளத்துக்கு முன்னா பின்னா, சூறாவளியில் இந்தப் பிள்ளை கையிலா வயிற்றிலா என்று கேட்டால் வயதானவர்கள் தடுமாறாமல் சொல்வார்கள். ‘எந்த வருடம்?’ என்று நேராகக் கேட்டால் வாய்க்கு வந்த ஒன்றைச் சொல்வார்கள்.

குடும்ப மரத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அச்சகங்களில் வைத்திருக்கிற மாதிரி, தகப்பனின் தகப்பன் என்று மேலே போகும். நம்ம ஊரில் குடி, அதாவது குலப்பிரிவு, தாய்வழி. மாமியின் குடி அவருடைய தாயின் குடி. அது உன் தங்கச்சிமாருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் போகும். உனக்கும் அதே குடிதான், ஆனால் உன் பிள்ளைகள் உன் மனுசியின் குடி. ஆகவே மரத்தின் நடுத்தண்டாகப் பெண்களைப் போடு: பூட்டி, அம்மம்மா, மாமி, தங்கச்சிமார், அவர்களுடைய பெண்பிள்ளைகள். ஆண்மக்களையும் அவர்களின் பிள்ளைகளையும் அதே அளவு எழுத்தில், பக்கக் கிளையாகக் காட்டலாம். குடிப் பெயரையும் கோயிலில் அந்தக் குடிக்கு இருக்கிற உரிமையையும் ஒரு வரி சேர்த்துவிடு. பிற்காலத்தில் பிள்ளைகள் கல்யாணம் பேசும்போதும் சடங்கில் முறை வரும்போதும் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து பார்ப்பார்கள்.

மரத்தில் விடுபடுகிறவர்கள் எப்போதும் ஒரே ஆட்கள்தான். பிறந்து சில நாளில் போன குழந்தைகள், கல்யாணம் செய்யாமல் இருந்தவர்கள், சண்டை பிடித்துப் பேச்சுவார்த்தை இல்லாமல் போன கிளை. மூவரையும் போடு. குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லை என்றால் ‘ஆண் குழந்தை’ என்று வருடத்தோடு எழுதினால் போதும். மாமி பெற்றது எத்தனை என்ற கணக்கு அப்போதுதான் சரிவரும். இன்னொன்று, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை இருக்கிற கிளை. அந்தப் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று போடாதே, இறந்த வருடமும் எழுதாதே. குடும்ப மரத்தின் சட்டகத்தில் ‘தோற்றம் – மறைவு’ என்ற இரண்டு கட்டம் இருப்பதால் தட்டச்சுப் பிள்ளை தானாகவே எதையாவது நிரப்பிவிடும். அந்தப் பிள்ளையின் தாய் உயிரோடு இருந்தால், என்ன எழுதலாம் என்று அவரிடம் நேரில் கேட்டு, அவர் சொன்ன சொல்லையே எழுது.

இனி கைவேலை. ‘மாமியின் கைப்பக்குவம்’ என்று ஒரு பக்கம் கட்டாயம் வை. பத்து சமையல் வேண்டாம், இரண்டு போதும், ஆனால் அதைப் பார்த்துப் பேத்தி சமைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மாமியோடு கூட நின்று சமைத்த சின்ன மாமியை இதற்குப் பிடி. ‘எவ்வளவு போடுவீர்கள்?’ என்று கேட்டால் ‘கண்ணளவுதான் மனே’ என்பார், அது உண்மையும்கூட. கேட்காமல் அளந்துகொள். மாப் பாத்திரத்தைத் தொடங்குமுன் தராசில் நிறு, அவர் தன் பாட்டுக்கு அள்ளிப் போடட்டும், முடிந்ததும் திரும்ப நிறு. குறைந்தது எவ்வளவோ அதுதான் அவருடைய கைப்பிடி. உப்பு, தண்ணீர், தேங்காய்ப்பூ எல்லாவற்றுக்கும் இதே முறை. மலரில் எழுதும்போது சுண்டு என்கிற அளவுப்பேணிக் கணக்கையும் எழுது, பக்கத்தில் கிராமும் போடு. வெளிநாட்டில் இருக்கிற பேத்திக்குச் சுண்டு தெரியாது.

குழல் பிட்டை எடுத்துக்கொண்டால் எழுத்து இப்படி வர வேண்டும். சிவப்புப் பச்சையரிசியை மூன்று மணித்தியாலம் ஊறவிட்டு வடித்து, ஈரம் கையில் ஒட்டாத பதத்தில் இடித்து அரிக்க வேண்டும். மிஞ்சுகிற கப்பியைத் திரும்ப இடிக்க வேண்டும். மாவை மெல்லிய நெருப்பில் கைவிடாமல் வறுத்து, ஆவி வருவது நின்று, விரலால் எடுத்துக் கோலம் போட்டால் இழை அறாமல் விழுகிறபோது இறக்க வேண்டும். குறைவாக வறுத்தால் பிட்டு களியாகும், மாவும் நாலு நாளில் புளிக்கும். கூட வறுத்தால் தண்ணீர் பிடிக்காது, குழலிலிருந்து உதிர்ந்து விழும். 500 கிராம் மாவுக்குக் கொதித்து இறக்கிய உப்புத் தண்ணீர் 300 முதல் 400 மில்லிலீற்றர். எல்லாவற்றையும் ஒரேயடியாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்து அகப்பைக் காம்பால் கிளற வேண்டும். பிறகு சுண்டின் விளிம்பால் கொத்தி உதிர்த்தால் கட்டி உடையும். கைப்பிடியில் இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், பெருவிரலால் தட்டினால் உடைய வேண்டும். குழலில் முதலில் தேங்காய்ப்பூ, பிறகு மா, திரும்பத் தேங்காய்ப்பூ என்று போடும்போது அமத்தக் கூடாது. அமத்தினால் ஆவி நடுவில் ஏறாமல் உள்ளே பச்சை மா நிற்கும். மேல்வாயில் ஆவி வந்ததிலிருந்து எட்டுப் பத்து நிமிடம். தயிரும் வாழைப்பழமுமா, மீன்குழம்பா, மாமி யாருக்கு எதைக் கொடுத்தார் என்பதையும் சேர்த்தால் அந்தப் பக்கம் முடிந்தது.

கைமருந்து எழுதுவதானால் எச்சரிக்கை. பிள்ளை பெற்றவளுக்கு அரைத்த சரக்கில் என்னென்ன சேர்த்தார், எத்தனை நாள் பத்தியம் வைத்தார் என்று நடந்ததாக எழுதலாம். ‘இவ்வளவு கொடுக்கவும்’ என்று அளவு சொல்லிப் போடாதே. முக்கியமாகக் கைக்குழந்தைக்கு வசம்பு உரைத்துக் கொடுத்ததை வழிகாட்டலாகப் போட வேண்டாம். அது குழந்தைக்குக் கேடு செய்யக்கூடியது. அச்சில் வந்தால் யாராவது செய்து பார்ப்பார்கள்.

குரலுக்கு வருகிறேன். மாமி அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவுகள் உன் போனிலும் தங்கச்சிமாரின் போனிலும் கிடக்கும். இன்றைக்கே அவற்றை வெளியே எடுத்துக் கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் போடு. போன் மாற்றும்போது முதலில் போவது அவைதான். தாலாட்டோ, கண்ணகை அம்மன் சடங்கில் பாடும் குளிர்த்திப் பாட்டோ பாடிய பதிவு இருந்தால் சொல்லை அப்படியே, அவர் உச்சரித்தபடி எழுதி எடு. ‘திருத்தமாக’ மாற்றாதே. மலரில் கியூஆர் குறி போட்டுக் குரலைக் கேட்க வைப்பது இப்போது வழமையாகிவிட்டது, நல்ல விசயம்தான். ஆனால் சில இலவசச் சேவைகளில் செய்கிற குறி கொஞ்ச நாளில் வேலை செய்யாமல் போகும், ஏனென்றால் அது முதலில் அவர்களுடைய தளத்துக்குப் போய்த்தான் திரும்பும். முகவரியை நேரடியாகவே உள்ளே வைத்திருக்கிற நிலையான குறியாகச் செய்யச் சொல். அச்சுக்குக் கொடுக்க முன் இரண்டு மூன்று போனில் சரிபார்.

படங்கள். கடலோரத்து வீடுகளில் 2004இல் அல்பம் எல்லாம் போய்விட்டது. அதனால் உன் வீட்டில் தேடுவதை விடப் வாவிக்கு மேற்கே உள்பக்கம் இருக்கிற படுவான்கரைச் சொந்தத்திடமும், அந்தக் காலத்தில் கடிதத்தோடு படம் அனுப்பிவைத்த வெளிநாட்டு ஆட்களிடமும் கேள். சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்கப் பார்க்காதே. உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து படத்தின் மேற்பூச்சைக் கண்ணாடியில் பிடித்து வைத்திருக்கும், இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடேயே ஸ்கானரில் கவிழ்த்து வை. சின்னப் படங்களை 600 டிபிஐயில் ஸ்கான் பண்ணு, அச்சுக்கு 300 போதும் என்பதால் இரண்டு மடங்கு பெருப்பிக்கலாம், அதற்குமேல் கலங்கும். மங்கலான படத்தைத் தெளிவாக்கித் தருகிறோம் என்கிற செயலிகளை நம்பாதே. அவை இல்லாத கண்ணையும் பல்லையும் தாமாகப் போட்டு, மாமியைப் போல இருக்கிற வேறொருவரைத் தரும். ஸ்ரூடியோக்காரர் அடையாள அட்டைத் தலையை வெட்டிப் பட்டுச்சீலை உடம்பில் ஒட்டுவதும் எனக்குப் பிடிக்காது. நூல்சீலையோடு வாசலில் நிற்கிற படம் இருந்தால் அதையே அட்டையில் போடு. ஒவ்வொரு படத்துக்கும் கீழே இடமிருந்து வலமாகப் பெயர் வேண்டும். சின்ன மாமி இருக்கும்போதே அதை எழுதி வாங்கு, அவருக்குப் பிறகு அந்த முகங்களை அடையாளம் சொல்ல ஆள் இல்லை.

இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதே. வருடம், மாதம், வளர்பிறையா தேய்பிறையா என்ற பக்கம், திதி எல்லாம் அந்த நாலு அடிக்குள் இருக்கும், வருடாவருடம் திவசம் குறிக்கப் பிள்ளைகள் அதைத்தான் பார்ப்பார்கள். உயிர் பிரிந்த நேரத்தில் நின்ற திதிதான் கணக்கு. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் திதி மாறுகிற நேரம் சில மணித்தியாலம் வித்தியாசப்படும். மாமி போனது விடியப்புறம் என்பதால், இரண்டு பஞ்சாங்கத்தையும் பார்த்து, உங்கள் கோயில் ஐயர் எதைக் கைக்கொள்கிறார் என்று கேட்டு முடிவெடு. முடிவான பிறகு புலவரிடம் கொடு.

அச்சு வேலையில் அளவு ஏ5, நடுவில் கம்பி அடிப்பதென்றால் பக்கம் நாலின் மடங்காக இருக்க வேண்டும். 32 அல்லது 48 பக்கம் அழகாக நிற்கும். 64ஐத் தாண்டினால் கம்பி அடித்த புத்தகம் மூடி நிற்காது, ஓரத்தில் பசை போட்டுக் கட்டச் சொல். உள்தாள் 80 அல்லது 100 ஜிஎஸ்எம், படப்பக்கம் மட்டும் 130 ஆர்ட் தாள். எழுத்துக்கு வா: நீ போனில் யுனிகோடில் அடித்துக் கொடுப்பாய், அச்சகத்தில் பாமினி என்கிற பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், ‘ஸ்ரீ’ உடைந்துபோகும். ஆகவே நீ கொடுத்ததைப் பார்த்துத் திருப்திப்படாமல், அவர்கள் பக்கம் அமைத்த பிரதியைத் தாளில் எடுத்து வாசி. பெயர்களை மட்டும் தனியாக ஒருதடவை, ஒவ்வொரு வீட்டுப் பெயரையும் அந்த வீட்டில் மூத்த பெண்பிள்ளையைக் கொண்டு வாசிப்பி. கையெழுத்திட்டு வாங்கினால் இன்னும் நல்லது.

நன்றி நவிலலில் ஆள் ஆளாகப் பெயர் போடாதே. நூறு பெயர் போட்டு ஒன்றை விட்டால் அந்த ஒன்று பத்து வருடம் மனதில் கிடக்கும். அயலவர், கோயில் நிர்வாகம், வைத்தியசாலை ஊழியர், சமையலுக்கு நின்ற பிள்ளைகள் என்று தொகுதியாக எழுது. வெளியான பிறகு ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுத்தால் இணையத்தில் வைத்துக் காப்பாற்றுவார்கள், நினைவு மலர்களையும் அவர்கள் சேர்க்கிறார்கள். அப்படிக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் அடையாள அட்டை இலக்கம், வீட்டு முகவரி, சின்னப் பிள்ளைகளின் பிறந்த திகதி ஒன்றும் உள்ளே இல்லாமல் பார்த்துக்கொள்.

காலத்தைச் சொல்லிவிடுகிறேன். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்கு உறவெல்லாம் ஊருக்கு வரும், பெயரும் படமும் கதையும் சேர்க்க அதைவிட நல்ல நேரம் இல்லை. ஒரு கொப்பியும் தராசும் போனும் போதும். ஆனி, ஆடியில் எழுது. ஆவணியில் அச்சகத்துக்குக் கொடு. எப்படியும் புரட்டாசி முடிய முன் அச்சடித்துக் கட்டி வாங்கிவிடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் ஈரம் இழுத்து அலைபாயும், கரண்ட் நிற்கும், றோட்டில் வெள்ளம் ஏறினால் புத்தகம் ஊர் வந்து சேராது. திவசம் கார்த்திகையில் என்பதால் கடைசி நேரத்துக்கு இடமே இல்லை.

முதலில் உறுதியின் பிரதியையும், சின்ன மாமி சொல்லித் தருகிற பெண்வழிப் பெயர்களையும் அனுப்பு. மரத்தை நான் வரைந்து தருகிறேன். கல்லடி வீட்டில் மனுசி, பிள்ளைகள் எல்லோரையும் கேட்டதாகச் சொல். சடங்குக்கு வரும்போது ஸ்கானரை நான் கொண்டு வருவேன், நீ அலைய வேண்டாம்.

அன்புடன்,
உன் மச்சான்